16 டிசம்பர் 1957: முந்த்ரா விவகாரமும் மக்களவைக் கேள்வி நேரமும்

ரேபரேலி தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் பெரோஸ் காந்தி 1957 டிசம்பர் 16, திங்கட்கிழமை அன்று மக்களவையில் எழுந்து தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் எல்.ஐ.சி. செய்த பங்குக் கொள்முதலைப் பற்றிய விவாதத்தைத் தொடங்கினார். பதில் சொல்ல வேண்டியவர் அவர் கட்சியைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி (டி.டி.கே.). 1958 பிப்ரவரி 18-ல் டி.டி.கே. பதவி விலகினார். இடையில் ஓடியது இரண்டே மாதம். கேள்வி, விவாதம், விசாரணை, பதவி விலகல் என்ற நான்கு படிகளும் இவ்வளவு நெருக்கமாக அடுத்தடுத்து வந்த வழக்கு இந்திய நாடாளுமன்றத்தில் அரிது.

இந்த விவகாரம் என்றாலே பெரோஸ் காந்தியின் பேச்சைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். பேச்சும் கூர்மையானதுதான். ஆனால் அமைச்சர் தரப்புக்கு நகர இடமில்லாமல் போனது அந்தப் பேச்சால் மட்டும் அன்று. செப்டம்பரிலும் நவம்பர் கடைசியிலும் கேள்விகளுக்குத் தந்த பதில்கள் ஏற்கெனவே அவைக்குறிப்பில் ஏறியிருந்தன. அவற்றைத் திரும்பப் பெற முடியாது. டிசம்பர் விவாதம் அந்தப் பதில்களின் மீது கட்டப்பட்டது.

கொள்முதல்

ஆயுள் காப்பீட்டுத் தொழிலை 1956 ஜனவரி 19-ல் அவசரச் சட்டம் மூலம் அரசு தன் கைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் இணைத்து எல்.ஐ.சி. உருவானது. அதற்கு ஒரு வயது நிறைவதற்குள், 1957 ஜூனில், கல்கத்தாவைத் தளமாகக் கொண்ட ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. ரிச்சர்ட்சன் குருட்டாஸ், ஜெசாப், ஸ்மித் ஸ்டேனிஸ்ட்ரீட், ஆஸ்லர் லேம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவைதான் அந்த ஆறு. பெரும்பாலும் தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனங்கள்.

முதலீடு பற்றி ஆலோசனை சொல்ல எல்.ஐ.சி.க்குள்ளேயே ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அந்தக் குழுவுக்குக் கொள்முதல் முடிந்த பிறகுதான் தகவல் போனது. பேச்சுவார்த்தை நடந்தது முந்த்ராவுக்கும் நிதித்துறை முதன்மைச் செயலாளர் எச்.எம். படேலுக்கும் எல்.ஐ.சி. தலைவர் ஜி.ஆர். காமத், நிர்வாக இயக்குநர் எல்.எஸ். வைத்தியநாதன் ஆகியோருக்கும் இடையில். சில பங்குகளுக்குக் கொடுத்த விலை சந்தை விலையைவிட அதிகம். கல்கத்தா பங்குச் சந்தை சரியாமல் தாங்கிப் பிடிக்கத்தான் வாங்கினோம் என்பது பின்னால் சொல்லப்பட்ட காரணம். சந்தையைத் தாங்க நினைப்பவர் சந்தையில் இறங்கிப் பல பங்குகளைச் சிறிது சிறிதாக வாங்குவார். ஒரே ஆளிடம், ஒரே மூச்சில், அவருடைய நிறுவனப் பங்குகளை மட்டும் வாங்கினால் சந்தை எப்படித் தாங்கும்? இந்தச் சாதாரண சந்தேகம்தான் முழு வழக்குக்கும் அடி.

கேள்வி எப்படி வேலை செய்கிறது

மக்களவையின் கேள்வி நேரம் அமர்வின் முதல் மணி, காலை 11 முதல் 12 வரை. கீழே வரும் எண்கள் இன்றைய நடைமுறைப்படியானவை. 1957-ல் வரம்புகள் வேறு, அடிப்படை ஒன்றேதான்.

கேள்விக்கு முழுமையாகப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து முன்னறிவிப்பு வரை கொடுக்கலாம். குலுக்கலில் வரிசை தீர்மானமாகிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20 பட்டியலில் ஏறும், அவற்றுக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். குறியிடாதவை 230, எழுத்தில் மட்டும் பதில் வரும். ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரக் கேள்விதான். அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு வாரத்தில் ஆளுக்கொரு நாள் ஒதுக்கப்பட்டிருப்பதால், நிதியமைச்சகத்தைக் கேட்க அதற்குரிய நாள்தான் கிடைக்கும். அச்சிட்ட பட்டியலைப் பார்த்தாலே எது எதுவென்று தெரியும்: நட்சத்திரக் கேள்விகள் பச்சைத் தாளில், மற்றவை வெள்ளைத் தாளில்.

இருபதில் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழிப் பதில் வரை எட்டுவது பெரும்பாலும் நாலைந்துதான். ஆகவே பட்டியலில் பதினைந்தாவதாக இருப்பவர் நட்சத்திரம் கிடைத்தும் எழுத்துப் பதிலோடு திருப்திப்பட வேண்டியவர். இது தெரிந்தவர்கள் ஒரே பொருளில் பல உறுப்பினர்களைத் தனித்தனியே முன்னறிவிப்பு கொடுக்கச் சொல்வார்கள். யாருடையதாவது முதல் ஐந்துக்குள் வந்தால் போதும், மற்றவர்கள் துணைக் கேள்வியில் நுழைந்துகொள்ளலாம்.

நட்சத்திரக் கேள்வியின் உயிர் இந்தத் துணைக் கேள்வியில் இருக்கிறது. முதன்மைப் பதிலை அமைச்சர் பெரும்பாலும் வாசிப்பதுகூட இல்லை. ‘அறிக்கை அவையின் மேசையில் வைக்கப்படுகிறது’ என்று சொல்லி அமர்ந்துவிடுவார். கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்வி, பிறகு சபாநாயகர் விரும்பினால் மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. அமைச்சர் கையில் ஒரு கோப்பு இருக்கும். எந்தத் துணைக் கேள்வி வரலாம் என்று ஊகித்து அதிகாரிகள் எழுதிக் கொடுத்த குறிப்புகள் அதில் இருக்கும். கோப்பில் இல்லாத கேள்வி வந்தால் அதிகாரிகள் மாடத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு இறங்கி வரும். சீட்டு வருவதற்குள் அமைச்சர் ஏதாவது பேசி நேரத்தைக் கடத்த வேண்டும். அந்தச் சில நொடிகளில்தான் வாய் தவறும்.

கேள்வியின் வாசகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. 150 சொல்லைத் தாண்டக் கூடாது, வாதம், ஊகம், ஏளனம், குற்றச்சாட்டு எதுவும் கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது. புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ‘பாலிசிதாரர்களின் பணம் தனியார் முதலாளிகளுக்குத் தாரை வார்க்கப்படுவது அரசுக்குத் தெரியுமா?’ என்று எழுதினால் மக்களவைச் செயலகத்தின் கேள்விப் பிரிவே திருப்பி அனுப்பிவிடும். ‘எல்.ஐ.சி. நிதி முறையாக முதலீடு செய்யப்படுகிறதா?’ என்று எழுதினால் ஏற்பார்கள், பதில் ‘ஆம்’ என்று ஒரே சொல்லில் முடியும். பயனுள்ள வாசகம் இப்படி இருக்கும்:

‘நிதி அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா: (அ) குறிப்பிட்ட மாதத்தில் எல்.ஐ.சி. எந்தெந்த நிறுவனங்களின் பங்குகளை வாங்கியது. (ஆ) ஒவ்வொன்றுக்கும் கொடுத்த விலையும் அதே நாளின் சந்தை விலையும். (இ) கொள்முதலுக்கு முன் முதலீட்டுக் குழுவின் கருத்து கேட்கப்பட்டதா. (ஈ) இல்லையெனில் அதற்கான காரணம்?’

இதில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் நான்கு பகுதிகளுக்கும் தனித்தனியே பதில் சொல்லியாக வேண்டும். எந்தப் பகுதி மழுப்பப்படுகிறதோ அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மழுப்பலுக்கும் வகைகள் உண்டு. மிகப் பழக்கமானது ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்’ என்பது. இதை வாக்குறுதியாகக் கணக்கில் எடுத்துப் பின்தொடர அரசின் உறுதிமொழிகளுக்கான குழு 1953-லிருந்தே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதும் அந்தக் குழுவின் பட்டியலில் உறுதிமொழியாகவே பதிவாகும். அதனால் அனுபவமுள்ள அதிகாரிகள் அந்தச் சொற்களையே தவிர்த்துவிட்டு, கேட்டதைக் குறுகலாகப் பொருள் கொண்டு பதில் எழுதுவார்கள். கேட்டது பத்திரிகைச் செய்தி உண்மையா என்று என்றால், செய்தியில் ஒரு சிறு விவரம் தவறாக இருந்தாலும் ‘இல்லை’ என்று எழுதிவிடலாம். எழுத்துக்கு எழுத்து அது பொய் ஆகாது. கேள்வியைப் பத்திரிகைச் செய்தியின் தோளில் ஏற்றி எழுதுவது ஆபத்து என்று மூத்த உறுப்பினர்கள் சொல்வது இதனால்தான்.

முந்த்ரா கொள்முதல் பற்றி 1957 செப்டம்பரில் முதல் கேள்வி வந்தபோது முழு விவரம் வெளிவரவில்லை. நவம்பர் இறுதியில் மறுபடி கேட்டபோது கொள்முதல் நடந்தது பதிவானது, ஆனால் ஏன், யார் சொல்லி, என்ன விலைக்கு என்பவை தெளிவாகவில்லை. இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இடைவெளி கண்ணில் படும். கேட்டவர்கள் பதில் தெரியாமல் கேட்டவர்கள் அல்லர். அரசை அவைக்குறிப்பில் ஒரு நிலைப்பாட்டில் நிறுத்துவதற்காகக் கேட்டார்கள்.

எந்த வாசல் வழியாக விவாதம்

பதில் போதவில்லை என்றால் அடுத்து என்ன என்பதற்கு விதிகளில் பல வாசல்கள் உண்டு. விதி 55-ன் கீழ் அரை மணி நேர விவாதம்: ஏற்கெனவே பதில் வந்த கேள்வியிலிருந்து கிளைப்பது, மூன்று நாள் முன்னறிவிப்பு போதும், அமர்வின் கடைசி அரை மணியில் நடக்கும். அந்த நேரத்தில் அவை பாதி காலியாக இருக்கும், பத்திரிகையாளர் மாடமும் அப்படித்தான். விதி 193-ன் கீழ் குறுகிய கால விவாதம்: மேலும் இருவர் கையெழுத்து வேண்டும், இரண்டு மணி நேரம் வரை கிடைக்கும், முறையான தீர்மானமும் வாக்கெடுப்பும் கிடையாது. விதி 56-ன் ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கு ஐம்பது பேர் எழுந்து நிற்க வேண்டும், அது அரசைக் கண்டிக்கும் தன்மை உடையது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் அந்தக் கடைசி வாசல் பக்கம் போக முடியாது.

வாக்கெடுப்பு இல்லாத விவாதத்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. ஆளுங்கட்சி உறுப்பினருக்கு அதுதான் பயனே. வாக்கெடுப்பு இருந்தால் கொறடா உத்தரவு வரும், எல்லாரும் வரிசையில் நின்றாக வேண்டும். வாக்கெடுப்பு இல்லாத இடத்தில் பின்வரிசைக்காரர் தன் கட்சி அமைச்சரை உண்மைகளைக் கொண்டு குறுக்குவிசாரணை செய்யலாம். அரசு கவிழும் என்ற அச்சம் இல்லாததால் அவரோடு மற்ற காங்கிரஸ்காரர்களும் சேர்ந்துகொள்ளலாம்.

அன்றைய விவாதம்

அப்போதைய சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார். பெரோஸ் காந்தி தொடக்கத்திலேயே எச்சரித்துவிட்டார்: நான் அடித்தால் பலமாக அடிப்பவன், அதைவிடப் பலமாகத் திருப்பி அடிப்பார்கள் என்றும் எதிர்பார்க்கிறேன், எதிர்த்தரப்பிலும் டி.என்.டி. வெடிமருந்து தாராளமாக இருக்கிறது என்றார். டி.டி.கே.யின் முதலெழுத்துகளை வைத்து அடித்த கிண்டல் அவைக்குப் புரிந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தில் மௌனம் குற்றமாகிவிடும் என்பதும் அந்தப் பேச்சில்தான்.

அதற்குப் பிறகு பேச்சில் உணர்ச்சி குறைவு, கணக்கு அதிகம். எந்த நிறுவனம், எந்தத் தேதியில் சந்தையில் என்ன விலை, எல்.ஐ.சி. கொடுத்தது என்ன, முந்த்ராவின் நிதிநிலை எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அவர் இதில் புதியவர் அல்லர். 1955 டிசம்பரில் டால்மியா குழுமத்தின் காப்பீட்டு நிறுவனம் பற்றி இதே பாணியில் பேசி, ஆயுள் காப்பீடு தேசியமயமாவதற்கான சூழலை உருவாக்கியவர்களில் ஒருவர். தான் கொண்டுவரத் துணைநின்ற நிறுவனத்திலேயே பழைய நோய் திரும்பியதால்தான், நாடாளுமன்றம் தான் உருவாக்கிய மிகப் பெரிய நிதி நிறுவனத்தின் மீது கண்காணிப்பு வைக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

குற்றச்சாட்டைச் சொல்வதில் விதி 353 ஒரு வேலி. அவதூறான குற்றச்சாட்டு கூறுவதானால் சபாநாயகருக்கும் உரிய அமைச்சருக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சு நிறுத்தப்படலாம், அவைக்குறிப்பிலிருந்தும் நீக்கப்படலாம். நீக்கப்பட்டதைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. இந்தக் காரணத்தால்தான் நல்ல விவாதக்காரர்கள் ‘கொள்ளை’ என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டுத் தேதியையும் விலையையும் மட்டும் சொல்வார்கள். எண்ணை யாரும் நீக்கச் சொல்ல முடியாது.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு சட்டம் குறுக்கே வருகிறது. அரசியல் சாசனத்தின் 105-ஆவது பிரிவு உறுப்பினரின் பேச்சுக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அதை அச்சிடும் பத்திரிகை மீது முந்த்ரா போன்றவர் அவதூறு வழக்குப் போடலாம் என்ற நிலை முன்பு இருந்தது. 1956-ல் நிறைவேறிய நாடாளுமன்ற நடவடிக்கைகள் வெளியீட்டுப் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றியது. கெட்ட நோக்கமின்றி, சாராம்சத்தில் சரியாக வெளியிட்டால் வழக்கு இல்லை. அதைத் தனிநபர் மசோதாவாக (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கொண்டுவந்தவரும் பெரோஸ் காந்திதான். டிசம்பர் 17 காலைப் பத்திரிகைகள் தயங்காமல் எழுத முடிந்ததற்கு அந்தச் சட்டம் துணையாக இருந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-ல், அது ரத்தானது, 1977-ல் மீண்டும் வந்தது.

டி.டி.கே. நிர்வாகத்தின் முடிவைத் தற்காத்துப் பேசினார். அவர் திறமைக் குறைவானவர் அல்லர். சென்னையில் வணிகத்தில் வளர்ந்து வந்தவர், அந்த ஆண்டு சொத்து வரியையும் செலவு வரியையும் துணிந்து கொண்டுவந்தவர். சிக்கல், முந்தைய பதில்களுக்கும் அன்றைய விளக்கத்துக்கும் இடையில் பாலம் போட முடியாமல் போனதுதான். சந்தையைத் தாங்கத்தான் வாங்கினோம் என்றால் அதைச் செப்டம்பரிலேயே பெருமையாகச் சொல்லியிருக்கலாமே என்ற கேள்விக்கு விடை இல்லை. எல்.ஐ.சி. தன்னாட்சி அமைப்பு, அது வணிக முடிவு என்றால் அமைச்சகத்தின் முதன்மைச் செயலாளர் பேரத்தில் எதற்கு என்ற கேள்வி காத்திருந்தது. விவாதத்தின் விளைவாக அரசு விசாரணைக்கு இசைந்தது.

சாக்ளா விசாரணை

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருவரே ஆணையம். அட்டர்னி ஜெனரல் எம்.சி. செடல்வாட் ஆணையத்துக்கு உதவினார். விசாரணை பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் கட்டுக்கடங்காமல் போய் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. பிப்ரவரி 10-ல் அறிக்கை முடிந்துவிட்டது. விசாரணை ஆணையம் என்றால் ஆண்டுக்கணக்கில் நீட்டிப்பு வாங்குவது என்று பழகிப்போன நமக்கு, சுமார் ஒரு மாதத்தில் முடிந்த இந்த வேகம் வியப்பாக இருக்கும். வேகத்துக்குக் காரணம் அவையே பாதி வேலையை முடித்திருந்தது. தேதிகள், விலைகள், நிறுவனங்கள் எல்லாம் பதிவில் இருந்தன. ஆணையம் தீர்மானிக்க வேண்டியது யார் முடிவு, யார் பொறுப்பு என்பது மட்டுமே.

படேல், அமைச்சருக்குத் தெரிந்தே நடந்தது என்றார். டி.டி.கே. தாம் ஒப்புதல் தரவில்லை என்றார். சாக்ளாவின் முடிவு: செயலாளரின் செயலுக்கு அரசியல் சாசனப்படி அமைச்சரே முழுப் பொறுப்பு, அதிகாரியின் பின்னால் அவர் ஒதுங்க முடியாது. சந்தையைத் தாங்க வாங்கினோம் என்ற காரணத்தையும் அவர் ஏற்கவில்லை.

இன்னொரு பரிந்துரை நடைமுறை தெரிந்தவர்களுக்கு முக்கியம். எல்.ஐ.சி. சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எழுத்து மூலம் உத்தரவு தரலாம். முந்த்ரா கொள்முதலில் அப்படி ஒரு காகிதமே இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. அரசு தலையிட விரும்பினால் எழுத்தில் தலையிடட்டும் என்றார் சாக்ளா. அமைச்சர்கள் நாடாளுமன்றத்தைத் தொடக்கத்திலேயே நம்பிக்கைக்குள் எடுத்து எல்லா உண்மைகளையும் முன்வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழிகளில் அவைக்குத் தகவல் கிடைக்கும்போது சங்கடம் நேரும் என்றும் எழுதினார். செப்டம்பர் பதிலுக்கு இதைவிட நேரான விமர்சனம் தேவையில்லை.

பிறகு

டி.டி.கே. விலகியதும் நேருவே நிதித்துறையை வைத்துக்கொண்டு பிப்ரவரி 28-ல் பட்ஜெட் தாக்கல் செய்தார். மார்ச்சில் மொரார்ஜி தேசாய் பொறுப்பேற்றார். டி.டி.கே. 1962-ல் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963-ல் மறுபடி நிதியமைச்சரானார். எச்.எம். படேல் அரசுப் பணியை விட்டு அரசியலுக்கு வந்து 1977-ல் ஜனதா அரசின் நிதியமைச்சரானார். 1957-ல் அதிகாரிகள் மாடத்துப் பக்கம் இருந்தவர், இருபது ஆண்டு கழித்துப் பதில் சொல்லும் இருக்கையில்.

அரசு நிறுவனங்களைக் கண்காணிக்கத் தனிக் குழு வேண்டும் என்ற பேச்சு இந்த விவகாரத்துக்குப் பின் வலுத்தது. பொதுத்துறை நிறுவனங்கள் குழு 1964 மே 1-ல் அமைந்தது, இன்று மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். ஆனால் அதன் வரம்பில் ஒரு விலக்கு உண்டு: நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்தில் அது தலையிடாது. கேள்வி நேரத்திலும் இதே வேலி நிற்கிறது. சட்டபூர்வ நிறுவனங்களின் அன்றாட நிர்வாகம் பற்றிய கேள்விகள் பொதுவாக ஏற்கப்படுவதில்லை, வெறும் புள்ளிவிவரம் கேட்டால் குறியிடாத பட்டியலுக்குத் தள்ளப்படும். ஒரு குறிப்பிட்ட வாரத்தில் குறிப்பிட்ட ஆறு நிறுவனங்களின் பங்கை வாங்கியது அன்றாட நிர்வாகம்தானே என்று இன்றைக்கும் யாரும் வாதாடலாம்.

அந்த வேலியைத் தாண்ட விதியிலேயே இடம் இருக்கிறது. கொள்கை சார்ந்ததாகவோ, அமைச்சரின் செயலையோ செயலின்மையையோ பற்றியதாகவோ, பொதுநலன் சார்ந்ததாகவோ இருந்தால், மேலோட்டமாக அன்றாட விஷயம்போலத் தெரிந்தாலும் கேள்வி ஏற்கப்படும். எனவே பொதுத்துறை நிறுவனம் பற்றிக் கேட்பவர் கொள்முதலில் தொடங்கக் கூடாது. அமைச்சகம் எழுத்தில் உத்தரவு தந்ததா, தரவில்லையென்றால் அமைச்சக அதிகாரி எந்த அதிகாரத்தில் பேச்சில் கலந்துகொண்டார் என்பதை (அ) பகுதியில் வைத்துவிட்டு, விலையையும் தேதியையும் (ஆ), (இ)-யில் வைக்க வேண்டும். வரிசை மாறினால் கேள்விப் பிரிவிலேயே நின்றுவிடும்.